முட்டுக்கட்டைகளின் குடியரசு



ஒரு பள்ளி ஆசிரியரின் நினைவாக அவர் பிள்ளைகள் ஏற்படுத்திய அறக்கட்டளையின் உரை இது. அவர் குடிமையியல் நடத்தியவர் என்று கேட்டபோது எனக்குத் தனி மகிழ்ச்சி. நம் பள்ளிகளில் குடிமையியலுக்குக் கிடைப்பது சமூக அறிவியல் புத்தகத்தின் கடைசிப் பக்கங்கள்தான். முழு ஆண்டுத் தேர்வு நெருங்கும்போது ‘நீங்களே படித்துக்கொள்ளுங்கள்’ என்று விடப்படும் பகுதி அது. அதையும் விடாமல் நடத்தியவர் பெயரில் பேச வந்திருக்கிறேன். ஆகவே நானும் பாடம் நடத்தும் முறையிலேயே, ஒரு கேள்வியில் தொடங்குகிறேன்.

2025 அக்டோபர் 1ஆம் தேதி அமெரிக்க மத்திய அரசு முடங்கியது. செலவுக்கான நிதி ஒதுக்கீட்டை நாடாளுமன்றம் நிறைவேற்றவில்லை. லட்சக்கணக்கான ஊழியர்கள் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் போன்றோர் சம்பளமில்லாமலே வேலை பார்த்தார்கள். நவம்பர் 12 வரை, 43 நாள். அதுவரை அந்த நாட்டின் வரலாற்றில் இருந்த முடக்கங்களில் இதுவே மிக நீண்டது. அந்த வாரங்களில் ஒரு மாணவி என்னிடம் கேட்டாள்: “அப்போ கவர்ன்மென்ட் கவுந்துடுச்சா சார்? எலெக்‌ஷன் எப்போ?”

வகுப்பில் சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம் ஆட்சிமுறையைச் சரியாகப் படித்த பிள்ளை கேட்கும் கேள்வி அது. இங்கே வரவு செலவுத் திட்டம் மக்களவையில் தோற்றால் அமைச்சரவை வீட்டுக்குப் போக வேண்டும். அங்கே எவரும் பதவி விலகவில்லை, தேர்தலும் வரவில்லை. அதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. அந்த நேரத்தில் அதிபர் பதவி, பிரதிநிதிகள் சபை, செனட் மூன்றும் ஒரே கட்சியின் கையில் இருந்தன. மூன்று சாவியும் ஒருவரிடம் இருக்கும்போது கதவை யார் பூட்டினார்கள்?

இந்தக் கேள்விக்கு விடை சொல்லப் போனால் அமெரிக்க அரசியலின் அடிப்படைகள் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து நிற்கும். அதனால் விடையைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன்.

தேரும் கட்டையும்

ஒருவர் செய்யும் காரியத்துக்கு இன்னொருவர் இடைஞ்சல் செய்தால் ‘முட்டுக்கட்டை போடுகிறான்’ என்கிறோம். வசவாகவே அந்தச் சொல் புழங்குகிறது. அது புழங்கும் இன்னோர் இடத்தை நினைத்துப் பாருங்கள். தேரோட்டத்தன்று ஊரே வடம் பிடிக்கிறது. வடம் பிடிப்பவர்களால் தேரை நகர்த்த முடியும். நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது, வீதி முனையில் திருப்ப முடியாது. சக்கரத்தை ஒட்டியே குனிந்தபடி வந்து, உரிய நொடியில் கட்டையைக் கொடுக்கிறாரே, அவர்தான் நிறுத்துகிறார், அவர்தான் திருப்புகிறார். கட்டை இல்லாத தேர் திண்ணையில் ஏறும், ஆள்மேலும் ஏறும். உருவாத கட்டை இருந்தால் தேர் நிலைக்கு வந்து சேராது.

அமெரிக்க அரசமைப்புச் சட்டம் வடம் பிடிப்பவர்களைவிடக் கட்டை போடுபவர்களைப் பற்றியே அதிகம் கவலைப்பட்ட சட்டம். யார், எதற்கு, எந்தக் கட்டத்தில் ‘முடியாது’ என்று சொல்லலாம் என்பதே அதன் உட்பொருள். இன்று உங்கள் முன் வைக்க விரும்பும் கருத்து இதுதான்: முட்டுக்கட்டை நல்லதா கெட்டதா என்று கேட்பதில் பயனில்லை. யார் போட்டார், முகம் தெரியப் போட்டாரா, உருவ வேண்டிய நேரத்தில் உருவினாரா என்றுதான் கேட்க வேண்டும்.

ஒரு சின்ன மாநிலம் சொன்ன ‘முடியாது’

பிரிட்டனிடமிருந்து பிரிந்த 13 மாநிலங்கள் 1781இல் ஓர் ஒப்பந்தத்தால் தங்களை இணைத்துக்கொண்டன. அந்த ஏற்பாட்டில் காங்கிரஸ் என்ற மத்திய அவைக்கு வரி போடும் அதிகாரம் கிடையாது. மாநிலங்களிடம் கேட்கலாம், அவ்வளவுதான். ஒப்பந்தத்தைத் திருத்த 13 மாநிலங்களும் சம்மதிக்க வேண்டும். போரில் பட்ட கடனை அடைக்க, இறக்குமதிப் பொருள்களுக்கு 5 சதவீதத் தீர்வை விதிக்கலாம் என்று காங்கிரஸ் யோசனை சொன்னது. இருப்பதிலேயே சிறிய மாநிலமான ரோட் ஐலண்ட் மறுத்தது. யோசனை படுத்துவிட்டது.

1786இல் மாசசூசெட்ஸின் மேற்குப் பகுதியில் கடனிலும் வரியிலும் நொந்த விவசாயிகள் எழுந்தார்கள். நேற்றுவரை விடுதலைப் போரில் துப்பாக்கி ஏந்தியவர்கள் பலர் அதில் இருந்தார்கள். நிலத்தை ஜப்தி செய்ய உத்தரவிடும் நீதிமன்றங்களை நடக்கவிடாமல் தடுத்தார்கள். டேனியல் ஷேஸ் என்ற முன்னாள் படைத் தலைவரின் பெயரால் அந்தக் கிளர்ச்சி அறியப்படுகிறது. அதை அடக்க மத்திய அரசிடம் படையும் இல்லை, பணமும் இல்லை. பாஸ்டன் வணிகர்கள் கொடுத்த பணத்தில் மாநிலம்தான் படை திரட்டியது.

இந்தப் பின்னணியில்தான் 1787 மே மாதம் பிலடெல்பியாவில் மாநாடு கூடியது. கலந்துகொண்டவர்கள் 55 பேர். ரோட் ஐலண்ட் ஆளே அனுப்பவில்லை. பேசுவது வெளியே கேட்கக் கூடாதென்று கோடை வெயிலிலும் சன்னல்களை மூடிவைத்தார்கள். செப்டம்பர் 17 அன்று 39 பேர் கையெழுத்திட்டார்கள்.

அவர்கள் மனத்தில் இருந்த பயம் இரண்டு. எல்லாவற்றையும் செய்துவிடக்கூடிய மன்னராட்சியை அவர்கள் கண்டிருந்தார்கள். எதையும் செய்ய முடியாத மத்திய அரசையும் கண்டுவிட்டார்கள். எல்லார் கையிலும் கட்டை இருந்தால் என்னவாகும் என்பதற்கு ரோட் ஐலண்டே சாட்சி. எனவே கட்டைகளைக் குறைத்து, இடம் பார்த்து அடுக்க வேண்டியிருந்தது. மாநாட்டின் மூளையாக இருந்த ஜேம்ஸ் மேடிசன், சட்டத்துக்கு ஆதரவு தேடிப் பின்னர் எழுதிய கட்டுரைகளில் காரணத்தைத் தெளிவாக்கினார். ஆள்பவரின் நல்ல குணத்தை நம்பி ஆட்சியை அமைக்கக் கூடாது. ஒருவர் பதவி ஆசைக்கு இன்னொருவர் பதவி ஆசையையே காவல் வைக்க வேண்டும் என்பது அவர் வாதம்.

அந்த மூடிய அறையில் பேரமும் நடந்தது. சிறிய மாநிலங்கள் சமப் பங்கு கேட்டன; பெரியவை மக்கள்தொகைப்படி பங்கு கேட்டன. ஜூலை 16 அன்று, ஒரு சபை மக்கள்தொகைப்படி, மறு சபை மாநிலத்துக்கு இரண்டு இடம் என்று முடிந்தது. தெற்கு மாநிலங்கள் தங்கள் அடிமைகளையும் மக்கள்தொகையில் சேர்க்கக் கோரின. வாக்குரிமை இல்லாத அந்த மனிதர்களை ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் சேர்த்துக்கொள்ள உடன்பட்டார்கள். அடிமையின் தலையை எண்ணி ஆண்டைக்கு இடம் கொடுத்த கணக்கு அது. அமெரிக்கச் சட்டத்தைப் புகழ்ந்து பேசும் எந்த மேடையும் இந்தக் கணக்கைத் தாண்டிக் குதிக்கக் கூடாது.

மூன்று கடிகாரங்கள்

அதிகாரப் பிரிவினை என்று பாடநூல்கள் சொல்கின்றன. பிரிக்கப்பட்டவை ஆள்களும் பதவிகளும்தான்; அதிகாரத்தை ஒன்றோடொன்று பின்னித்தான் வைத்தார்கள். காங்கிரஸ் உறுப்பினர் ஒருவர் அமைச்சராக வேண்டுமானால் உறுப்பினர் பதவியை விட வேண்டும். ஆனால் அதிபர் மறுத்துத் திருப்பினால் காங்கிரசின் சட்டம் நிற்கும். செனட் ஒப்புக்கொள்ளாவிட்டால் அதிபர் நியமிக்கும் அமைச்சரும் நீதிபதியும் நிற்பார்கள். மாணவர்களுக்கு ஒரு குறிப்பு: அங்கே காங்கிரஸ் என்பது கட்சியின் பெயரன்று, இரு சபைகளும் சேர்ந்த நாடாளுமன்றத்தின் பெயர்.

பிரதிநிதிகள் சபையின் 435 பேருக்கும் இரண்டாண்டுப் பதவி. அதிபருக்கு நான்காண்டு. செனட்டின் 100 பேருக்கு ஆறாண்டு. இரண்டாண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் தேர்தலைச் சந்திப்பார்கள். ஆக, மூன்று கடிகாரங்கள் மூன்று நேரம் காட்டுகின்றன. ஓர் அலையில் எல்லா இடத்தையும் பிடித்துவிட முடியாதபடி இப்படி வைத்தார்கள். மசோதா இரண்டு சபைகளிலும் ஒரே வாசகத்தில் நிறைவேற வேண்டும்; அதிபர் மறுத்தால் இரண்டு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். ஜார்ஜ் வாஷிங்டன் தம் எட்டாண்டுகளில் இந்த வீட்டோவை இரண்டே முறை பயன்படுத்தினார். பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 635 முறை பயன்படுத்தினார்.

இந்தச் சட்டத்தைத் திருத்துவது இன்னும் கடினம். இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு, அதன் பிறகு 50 மாநிலங்களில் 38 வேண்டும். 13 மாநிலங்கள் மறுத்தால் போதும், திருத்தம் நிற்கும். இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகியும் திருத்தங்கள் 27தான். அவற்றில் முதல் பத்து, உரிமைகள் சாசனம் என்ற பெயரில் 1791இல் ஒரே தொகுப்பாக வந்தவை. 1950இல் நடைமுறைக்கு வந்த நம் சட்டம் 2023க்குள் 106 திருத்தங்களைக் கண்டுவிட்டது.

கவிழாத ஆட்சி

1948 நவம்பர் 4 அன்று நம் அரசியல் நிர்ணய சபையில் வரைவுச் சட்டத்தை முன்வைத்துப் பேசிய அம்பேத்கர் அமெரிக்க அதிபர் முறையையும் நாடாளுமன்ற முறையையும் தராசில் நிறுத்துப் பார்த்தார். ஓர் ஆட்சி நிலையாகவும் இருக்க வேண்டும், மக்களுக்குப் பொறுப்பாகவும் இருக்க வேண்டும். இரண்டையும் சமமாகத் தரும் முறை எதுவும் இதுவரை இல்லை என்றார். அமெரிக்க முறை நிலைத்தன்மையைக் கூடுதலாகத் தருகிறது. நாடாளுமன்ற முறை பொறுப்பைக் கூடுதலாகத் தருகிறது. கேள்வி நேரம், தீர்மானம், விவாதம் என்று அன்றாடம் கணக்குக் கேட்கும் வழியே நமக்கு வேண்டும் என்பதால் இரண்டாவதைத் தேர்ந்ததாக விளக்கினார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்து அந்த நாட்டை நேரில் அறிந்தவர் எடுத்த முடிவு அது.

அந்த முடிவின் விளைவை நாம் பார்த்திருக்கிறோம். 1999 ஏப்ரல் 17 அன்று, தமிழ்நாட்டுக் கட்சி ஒன்று ஆதரவை விலக்கிக்கொண்டதால் நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் வாஜ்பாய் ஆட்சி ஒரே ஒரு வாக்கில் விழுந்தது. இதற்கு நேர்மாறான காட்சி 1868இல் வாஷிங்டனில் நடந்தது. அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் மீது பிரதிநிதிகள் சபை குற்றம் சாட்டியது. விசாரித்த செனட்டில் 35 பேர் குற்றவாளி என்றார்கள், 19 பேர் இல்லை என்றார்கள். இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவு! மூன்றில் இரண்டு பங்குக்கு 36 வேண்டும். ஒரு வாக்கில் தப்பினார் ஜான்சன். இங்கே ஒரு வாக்கு ஆட்சியை இறக்கியது. அங்கே 16 வாக்கு வித்தியாசத்தில் தோற்றவரும் நாற்காலியில் நீடித்தார்.

முடக்கம் என்ற விசித்திரமும் இதிலிருந்துதான் முளைக்கிறது. கருவூலத்திலிருந்து ஒரு காசு எடுக்கவும் காங்கிரசின் சட்டம் வேண்டும். காங்கிரசும் அதிபரும் முரண்டுபிடித்தால் யாரும் யாரையும் கலைக்க முடியாது. அடுத்த தேர்தல் குறித்த தேதியில்தான் வரும். ஆள்பவர்கள் நீடிக்க, அலுவலகங்கள் மூடப்படுகின்றன. இதுகூட 1787இலேயே எழுதிவைத்த ஏற்பாடு இல்லை. 1980 வரை ஒதுக்கீடு தாமதமானால் சிக்கனமாகக் காலம் தள்ளுவார்கள். ஒதுக்காத பணத்தைச் செலவிடத் தடைசெய்யும் பழைய சட்டப்படி அலுவலகங்கள் வேலையையே நிறுத்த வேண்டும் என்று அப்போதைய அட்டர்னி ஜெனரல் பெஞ்சமின் சிவிலெட்டி அந்த ஆண்டு கருத்துரை வழங்கினார். அதற்குப் பிறகுதான் பூட்டும் சாவியும் வந்தன.

காரணம் எழுதிய கட்டை

நீதிமன்றம் கட்டையைக் கையில் எடுத்த கதை சுவையானது. 1800ஆம் ஆண்டுத் தேர்தலில் தோற்ற அதிபர் ஜான் ஆடம்ஸ், பதவி முடியும் தறுவாயில் தம் கட்சிக்காரர்களை நீதிப் பதவிகளில் அவசர அவசரமாக அமர்த்தினார். நியமன ஆணைகளில் கையெழுத்தும் முத்திரையும் விழுந்துவிட்டன. சில ஆணைகளை உரியவரிடம் சேர்க்க நேரமில்லாமல் போயிற்று. சேர்க்க வேண்டிய பொறுப்பில் இருந்த அமைச்சர் ஜான் மார்ஷல். அடுத்து வந்த அதிபர் ஜெபர்சன் அந்த ஆணைகளைக் கொடுக்காமல் நிறுத்திவைத்தார். ஆணை கிடைக்காத வில்லியம் மார்பரி உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அங்கே தலைமை நீதிபதியாக உட்கார்ந்திருந்தவரும் அதே ஜான் மார்ஷல்தான்!

மார்ஷலுக்கு இக்கட்டு. ஆணையைக் கொடு என்று தீர்ப்பளித்தால் ஜெபர்சன் மதிக்க மாட்டார், நீதிமன்றம் நகைப்புக்கிடமாகும். மனுவைத் தள்ளினால் பயந்துவிட்டதாகப் பொருள். 1803 பிப்ரவரி 24 அன்று அவர் கண்ட வழி இது: மார்பரிக்குப் பதவியில் உரிமை உண்டு, அரசு செய்தது தவறு, ஆனால் இந்த உத்தரவைப் பிறப்பிக்க எங்களுக்கு அதிகாரம் தரும் 1789ஆம் ஆண்டுச் சட்டப்பிரிவு அரசமைப்புக்கு முரணானது, ஆகவே செல்லாது. ஜெபர்சனுக்குக் கீழ்ப்படியாமல் இருக்க உத்தரவே இல்லை. கையிலிருந்த சிறிய அதிகாரத்தை வேண்டாமென்று தள்ளி, காங்கிரசின் சட்டத்தையே செல்லாதது என்று சொல்லும் பெரிய அதிகாரத்தை நீதிமன்றம் எடுத்துக்கொண்டது.

இந்தக் கட்டை தேரைத் திருப்பிய தருணங்கள் உண்டு. கொரியப் போர்க் காலத்தில், வேலைநிறுத்தத்தைத் தவிர்க்க 1952இல் அதிபர் ட்ரூமன் எஃகு ஆலைகளை அரசுக் கட்டுப்பாட்டில் எடுத்தார். காங்கிரஸ் தராத அதிகாரம் இது என்று உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் தடுத்தது. ஒன்பது நீதிபதிகளும் ட்ரூமனாலோ அவருடைய கட்சியின் ரூஸ்வெல்ட்டாலோ நியமிக்கப்பட்டவர்கள். ஆலைகளை ட்ரூமன் திருப்பிக் கொடுத்தார். 1974 ஜூலை 24 அன்று குற்ற விசாரணைக்காகத் தம் அலுவலக உரையாடல்களின் ஒலிநாடாக்களை ஒப்படைக்கும்படி அதிபர் நிக்சனுக்கு 8-0 என்று உத்தரவு வந்தது. அவரே நியமித்த மூவரும் அந்த எட்டில் அடக்கம். பதினாறாம் நாள் அவர் பதவியில் இல்லை.

ஆனால் மார்பரி வழக்குக்குப் பிறகு உச்ச நீதிமன்றம் மத்தியச் சட்டம் ஒன்றை இரண்டாம் முறை செல்லாததாக்கியது எப்போது தெரியுமா? 1857இல், ட்ரெட் ஸ்காட் வழக்கில். கறுப்பர்கள் குடிமக்களாக முடியாது, புதிய ஆட்சிப்பகுதிகளில் அடிமைமுறையைத் தடுக்கும் அதிகாரம் காங்கிரசுக்கு இல்லை என்பது தீர்ப்பு. நான்கே ஆண்டில் உள்நாட்டுப் போர் வெடித்தது. அதே கட்டை, அதே கை. இம்முறை தேர் ஏறியது மனிதர்கள் மேல்.

மதராஸிலிருந்து போன வழக்கு

இந்தக் கட்டையின் நிழல் நம் வாசலிலும் விழுந்தது. உரிய சட்ட நெறிமுறை இல்லாமல் எவருடைய உயிரையும் சுதந்திரத்தையும் உடைமையையும் பறிக்கக் கூடாது என்பது அமெரிக்கச் சட்டத்தின் வாசகம். அந்த ‘உரிய’ என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, சட்டம் நியாயமானதா என்றே நீதிபதிகள் ஆராயத் தொடங்கினார்கள். ரொட்டி சுடும் தொழிலாளிக்கு வாரம் 60 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்ற நியூயார்க் மாநிலச் சட்டத்தை 1905இல் அதன் பெயராலேயே செல்லாததாக்கினார்கள்.

நம் அரசியல் நிர்ணய சபையின் ஆலோசகர் பெனகல் நரசிங் ராவ் 1947இன் இறுதியில் அமெரிக்கா சென்றபோது அந்த நாட்டு உச்ச நீதிமன்ற நீதிபதி பெலிக்ஸ் பிராங்க்பர்ட்டரைச் சந்தித்தார். மக்கள் தேர்ந்தெடுத்த அவையை நீதிபதிகள் மறிக்க வழிவிடும் அந்த வாசகம் வேண்டாம் என்பது பிராங்க்பர்ட்டரின் கருத்து. நம் 21ஆம் பிரிவில் ‘சட்டம் வகுத்த நடைமுறை’ என்ற வாசகம் இடம்பெற்றது.

அதன் பலனை முதலில் அனுபவித்தவர் பொதுவுடைமைத் தலைவர் ஏ.கே. கோபாலன். மதராஸ் அரசு அவரைத் தடுப்புக் காவலில் வைத்திருந்தது. 1950இல் உச்ச நீதிமன்றம் சென்றார். சட்டம் இருக்கிறது, அதன் நடைமுறை பின்பற்றப்பட்டிருக்கிறது. சட்டம் நியாயமா என்று 21ஆம் பிரிவின் பெயரால் கேட்க முடியாது என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். நடைமுறை நியாயமாகவும் இருக்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் சொல்ல 1978இல் மேனகா காந்தி வழக்கு வரை ஆயிற்று. வாஷிங்டனில் தொழிலாளியைக் கெடுத்த கட்டையை நாம் வேண்டாமென்றோம். சிறையில் இருந்தவரைக் காக்கவும் கட்டை இல்லாமல் போயிற்று.

எண்ணிக்கையின் கணக்கு

அமெரிக்கா ஐம்பது அரசுகளின் கூட்டு. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி அரசமைப்புச் சட்டம், தனி உச்ச நீதிமன்றம். தேர்தலை நடத்துவதும் மாநிலங்கள்தான். நம்முடையதைப் போல நாடு முழுதும் தேர்தல் நடத்தும் ஆணையம் அங்கே கிடையாது. பெரும்பாலான மாநிலங்களில் தொகுதி எல்லையை வரைவதும் மாநில சட்டமன்றமே. 1812இல் மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் கெரி ஒப்புதல் அளித்த தொகுதி ஒன்று நெளிந்து வளைந்து சாலமண்டர் என்ற பல்லி போன்ற உயிரியின் வடிவில் இருந்தது. அவர் பெயரையும் அதன் பெயரையும் ஒட்டிப் பிறந்த ‘ஜெரிமாண்டர்’ என்ற சொல் இன்றும் சாகவில்லை.

2020 கணக்கெடுப்பில் வயோமிங்கின் மக்கள்தொகை சுமார் 5.77 லட்சம், கலிபோர்னியாவில் 3.95 கோடி. இரண்டு மாநிலங்களுக்கும் செனட்டில் இரண்டிரண்டு இடம். அதாவது வயோமிங்வாசி ஒருவரின் குரல் அங்கே ஏறத்தாழ 68 கலிபோர்னியர்களின் குரலுக்குச் சமம். இந்தச் சமப் பங்கை, சம்பந்தப்பட்ட மாநிலத்தின் சம்மதமின்றித் திருத்தத்தாலும் பறிக்க முடியாது என்று சட்டத்திலேயே எழுதி ஆணி அடித்துவிட்டார்கள்.

அதிபர் தேர்தலிலும் இந்தக் கணக்கு நுழைகிறது. பிரதிநிதிகள் சபைக்கு 435, செனட்டுக்கு 100, தலைநகருக்கு 3 என்று மொத்தம் 538 தேர்வாளர்கள் வாக்களித்தே அதிபரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வெல்ல 270 வேண்டும். மெயின், நெப்ராஸ்கா தவிர மற்ற மாநிலங்களில் முன்னணியில் இருப்பவருக்கே அந்த மாநிலத்தின் அத்தனை தேர்வாளர்களும். 2000இல் நாடு முழுவதும் ஐந்து லட்சத்துக்கு மேல் அதிக வாக்குப் பெற்ற அல் கோர், புளோரிடாவில் 537 வாக்கில் பின்தங்கித் தோற்றார். 2016இல் ஹிலாரி கிளிண்டன் 28 லட்சத்துக்கு மேல் அதிகம் பெற்றும் தோற்றார்.

கை தெரியாத கட்டை

இதுவரை சொன்னவை சட்டத்தில் எழுதியவை, அல்லது சட்டத்திலிருந்து வாதாடிப் பெற்றவை. இனிச் சொல்வது அதில் எங்குமே இல்லை. 2025ஆம் ஆண்டுக் கதவைப் பூட்டியது அதுதான்.

1806இல் செனட் தன் விதிகளைச் சுத்தம் செய்தபோது, விவாதத்தைப் பெரும்பான்மையால் முடித்து வாக்கெடுப்புக்குப் போகும் விதியைத் தேவையில்லை என்று நீக்கியது. பின்விளைவை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. முடிக்க வழியில்லை என்றால் ஒருவர் பேசிக்கொண்டே போகலாம்! கடற்கொள்ளையரைக் குறித்த ஒரு பழைய சொல்லிலிருந்து இதற்கு ஃபிலிபஸ்டர் என்று பெயர் வந்தது. 1917இல்தான் மூன்றில் இரண்டு பங்கினர் சேர்ந்தால் பேச்சை முடிக்கலாம் என்று விதி செய்தார்கள். 1975இல் அது 60 வாக்காகக் குறைந்தது.

இந்தக் கட்டையால் அதிகம் நசுங்கியவர்கள் யார் என்பதை வரலாறு மறைக்கவில்லை. கறுப்பர்களைக் கும்பல் சேர்ந்து அடித்துக் கொல்வதை மத்தியக் குற்றமாக்கும் மசோதா 1922இல் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. தெற்கு செனட்டர்கள் பேசியே அதைச் சாகடித்தார்கள். அப்படியொரு சட்டம் கையெழுத்தானது 2022 மார்ச் 29 அன்று. இடையில் ஒரு நூற்றாண்டு. 1957இல் கறுப்பர்களின் வாக்குரிமைக்கான மசோதாவை எதிர்த்து செனட்டர் ஸ்ட்ராம் தர்மண்ட் 24 மணி 18 நிமிடம் தனியாக நின்று பேசினார்.

அவரையாவது ஒருநாள் முழுக்க உலகம் பார்த்தது. 1970களில் ஒரே நேரத்தில் வேறு அலுவல்களையும் நடத்தும் முறை வந்தபின் நின்று பேசும் கட்டாயமும் போயிற்று. எதிர்க்கிறோம் என்று சொல்லி அனுப்பினாலே போதும்; 60 பேர் சேராமல் மசோதா நகராது. நீதிபதி, அதிகாரி நியமனங்களுக்கு 2013, 2017ஆம் ஆண்டுகளில் இதைத் தளர்த்தினார்கள். வரவு செலவு சார்ந்த சில மசோதாக்களுக்குத் தனி வழி உண்டு. ஆண்டு நிதி ஒதுக்கீட்டுக்கு 60 இன்றும் வேண்டும். 2025இல் ஆளும் கட்சிக்கு செனட்டில் இருந்தவர்கள் 53 பேர். மாணவி கேட்ட கேள்விக்கு விடை இதுதான் அம்மா: மூன்று சாவியும் ஒருவர் கையில்தான் இருந்தன, ஆனால் கதவில் நான்காவதாக ஒரு பூட்டும் இருந்தது.

அந்த ஏழு வாக்கு வித்தியாசத்தில் எதிர்க்கட்சி போட்டது நியாயமான கட்டையா என்று கேட்பீர்கள். மருத்துவக் காப்பீட்டு மானியம் நீடிக்க வேண்டும் என்று அவர்கள் வெளிப்படையாகக் கோரினார்கள். அந்த அளவில் முகம் தெரிந்தது. ஆனால் சம்பளம் இல்லாத 43 நாளுக்கு யாரைக் கேட்பது என்று சாதாரண ஊழியருக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு கட்சியும் மற்றக் கட்சியைக் காட்டியது. அம்பேத்கர் 1948இல் பொறுப்பு என்று சொன்னது இதைத்தான். மார்ஷல் தம் ‘முடியாது’க்குக் காரணம் எழுதி, கீழே தம் பெயரையும் எழுதினார், தவறென்றால் பின்னால் வருபவர் திருத்தலாம். காரணமும் எழுதாமல், ஆளும் தெரியாமல் போடும் கட்டையை யார் போய் உருவுவது?

ஒரு கண் சொன்ன ‘ஆம்’

முடிக்கும் முன் ஒரு காட்சி. 1964 ஜூன் 10. பொது இடங்களில் நிற வேற்றுமையைத் தடைசெய்யும் குடிமை உரிமைகள் மசோதாவை செனட்டில் மார்ச் முதல் பேசிப் பேசியே தடுத்துவைத்திருந்தார்கள். முந்தைய மாலை தொடங்கிய செனட்டர் ராபர்ட் பேர்ட் 14 மணி நேரத்துக்கு மேல் பேசி அன்று காலையில்தான் முடித்தார். பேச்சை முடிக்கும் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. குடிமை உரிமை மசோதா ஒன்றில் அப்படியொரு தீர்மானம் அதுவரை வென்றதே இல்லை. அன்று 67 வாக்கு வேண்டும்.

கலிபோர்னியாவின் செனட்டர் கிளேர் எங்கிள் மூளைக் கட்டியால் பேச்சை இழந்திருந்தார். சக்கர நாற்காலியில் அவரை அவைக்குள் கொண்டுவந்தார்கள். எழுத்தர் பெயரை அழைத்தார். எங்கிள் வாய் திறக்க முயன்றார்; சொல் வரவில்லை. மெல்லக் கையை உயர்த்திக் கண்ணைச் சுட்டிக்காட்டினார். ஆங்கிலத்தில் கண்ணுக்கும், அவையில் ‘ஆம்’ என்று சொல்லும் சொல்லுக்கும் ஒலி ஒன்றே. அந்த விரலை வாக்காகப் பதிந்துகொண்டார்கள். 71க்கு 29 என்று தீர்மானம் வென்றது. ஜூலை 2 அன்று மசோதா சட்டமானது. அந்த மாதம் முடிவதற்குள் எங்கிள் மறைந்தார்.

எத்தனையோ மணி நேரம் பேசிப் போட்ட கட்டையை, பேச முடியாத ஒருவரும் சேர்ந்துதான் உருவ வேண்டியிருந்தது. குடிமையியல் ஆசிரியரின் பெயரால் நடக்கும் இந்த அரங்கில் அந்த விரலை உங்கள் நினைவில் விட்டுச் செல்கிறேன்.